ஒன்பதாம் கேள்விக்கு மூன்று விடைகள்

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கத்துத் தனியார் பள்ளிகள் பதினொன்று சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வை எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாளில் நடத்துவது அதன் முக்கிய வேலை. வேதியியல் வினாத்தாளை இருபத்திரண்டு வருடங்களாக எடுத்து வந்தவர் ஜஸ்டஸ். குன்னூர்ப் பள்ளி ஒன்றில் முதுநிலை ஆசிரியர். வயது ஐம்பத்து மூன்று. இத்தனை வருடங்களில் அவர் எடுத்த வினாத்தாளில் பிழை இருக்கிறது என்று ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை. இருபதாவது வருடம் கூட்டமைப்பு அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. 'பிழையில்லா வினத்தாள்' என்று அதில் பொறித்திருந்தார்கள். 'னா'வில் துணைக்கால் விடுபட்டிருந்ததை ஜஸ்டஸ் மேடையிலேயே பார்த்துவிட்டார். கொடுத்தவர்கள் மனம் கோணக் கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருட வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி இப்படி இருந்தது: நைட்ரஜன் அணு பிணைப்பில் ஈடுபடும்போது எலக்ட்ரான்களை, அ) ஏற்கும், ஆ) இழக்கும், இ) பங்கிடும், ஈ) இவற்றில் எதுவுமில்லை. விடைக்குறிப்பில் 'இ' என்று போட்டிருந்தார். ஒரு மதிப்பெண்.

அறுநூற்றுப் பதின்மூன்று பேர் எழுதினார்கள். பெரும்பாலோர் 'இ' எழுதினார்கள். கொஞ்சம் பேர் 'அ' எழுதினார்கள். வழக்கம்போல நாலைந்து பேர் 'ஈ' எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். கனிஷ்கா என்ற மாணவி மட்டும் 'அ, ஆ, இ மூன்றும்' என்று எழுதி, அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தாள்: 'மெக்னீசியத்திடம் ஏற்கும். மண்ணில் நுண்ணுயிரிடம் இழக்கும். காற்றில் தனக்குள்ளேயே பங்கிடும். யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது.'

அவள் ஜஸ்டஸின் வகுப்புதான். கேத்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஜஸ்டஸ் அந்த இரண்டு வரியைப் படித்தார். சிவப்புப் பேனாவால் ஒரு சுழியம் போட்டார். பக்கத்தில் 'ஒரு விடை மட்டும் தேர்ந்தெடு' என்று எழுதினார். எழுபதுக்கு அறுபத்தொன்பது. விடைத்தாளைக் கொடுத்தபோது அவள் அந்தச் சுழியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அது ஜஸ்டஸுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது பிரிவேளையில் அவளுடைய அம்மா வந்தாள். பெயர் வேலாமணி. சொந்த ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். கேத்தியில் உரக்கடை வைத்திருக்கிறாள். ஸ்வெட்டருக்கு மேலே சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் விடைத்தாளின் ஜெராக்ஸ்.

"ஏனுங்க சார், இந்த ஒம்பதாங் கேள்வி விசயமா வந்தனுங்க."

"ஒரு மார்க்தானே அம்மா. ஃபர்ஸ்ட் மார்க்கே அவதான்."

"மார்க்குக்கு வரலீங்க. பாப்பா விட்டுரும்மான்னு சொல்லிப்போட்டா. எனக்குத்தான் விட முடியலீங்க." அவள் ஜெராக்ஸை மேசைமேல் வைத்து விரலால் நீவினாள். "நானு உரம் விக்கிறவளுங்க. பதினஞ்சு வருசமா யூரியா வாங்க வர்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டிருக்கறேன். மொத்தமா ஒரே நாள்ல போடாதீங்க, மழைக்கு முந்தி போடாதீங்க, பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்கன்னு. ஏன்னு கேட்டா காரணமும் சொல்லுவேன். மண்ணுல இருக்கற பூச்சி, கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க, அது தழைச்சத்துகிட்ட இருந்து எலக்ட்ரானை உருவிக்கும். உருவினதுக்கப்பறம் தழைச்சத்து மண்ணுல ஒட்டாது, மழைத்தண்ணியோட ஓடிரும். கோயமுத்தூர்ல ஒரு பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

தழைச்சத்து என்றால் நைட்ரஜன். ஜஸ்டஸ் தலையாட்டினார்.

"இத்தலார்ல ஆறுக்குட்டின்னு ஒருத்தர் இருக்கறாருங்க. கேரட் போடறவரு. அவரு பையன் கிருத்திக்கும் இந்தப் பரிச்சைதான் எழுதுனான், வேற ஸ்கூல்ல. அவங்க ஊட்டுல விடைக்குறிப்பு இருக்குது. அதை எடுத்துக்கிட்டு கடைக்கே வந்துட்டாருங்க. 'வேலாமணியக்கா, நைட்ரஜன் பங்குதான் போடுமாமா, எழக்காதாமா, பள்ளிக்கூடத்துல அச்சடிச்சே கொடுத்துட்டாங்க, நீங்க இத்தனை நாளா என்ன கதை சொன்னீங்க'ன்னு கேக்கறாரு. கடையில நாலு பேரு நின்னாங்க. போயி, ரெண்டு தவணை யூரியாவையும் ஒரே நாள்ல போட்டுட்டாரு. போட்டதுக்கு மக்யா நாளு மழை."

"மழையா, இந்த மாசத்துலயா?"

"ரெண்டு நாளுங்க. இத்தலார்ல அடிச்சு ஊத்துச்சு."

ஜஸ்டஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மைதானம் முழுக்க மூட்டம் மூடியிருந்தது. கோல்போஸ்ட் ஒன்று மட்டும் தெரிந்தது.

"மிகப் பொருத்தமான விடை எதுன்னு பார்க்கணும் அம்மா. பெரும்பாலும் அது பங்கிடும். அதனால 'இ'."

வேலாமணி ஜெராக்ஸைப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "மிகப் பொருத்தமானன்னு இதுல இல்லீங்களே. பெரும்பாலும்னும் இல்லீங்க."

இல்லைதான். அது ஜஸ்டஸுக்குத் தெரியும். வினாத்தாளைத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். அந்த நிமிடத்திலேயே அவர் 'ஆமாம், கேள்வி தப்பு' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தது வேறு.

"இதுல நான் தனியா ஒண்ணும் செய்ய முடியாது. கூட்டமைப்புக்கு முறைப்படி விண்ணப்பிக்கணும்."

பேச்சை முடிப்பதற்காகச் சொல்லப்படும் வாக்கியம் அது. வேலாமணி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"விண்ணப்பம் எங்கீங்க வாங்கணும்?"

அப்படி ஒரு விண்ணப்பப் படிவமே கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் தேவைப்பட்டதில்லை. கூட்டமைப்பு அலுவலகம் இரண்டு நாளில் ஒன்றைத் தயாரித்தது. அதில் 'தந்தை / கணவர் பெயர்', 'சாதிச் சான்றிதழ் எண்', 'ஆட்சேபணைக்குரிய தனிமம்' என்று பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. வேலாமணி பன்னிரண்டையும் நிரப்பினாள். கூட்டமைப்பு மூன்று பேரை வைத்து ஒரு விசாரணைக் குழு அமைத்தது.

அது தெரியவந்த அன்று சாயங்காலம் ஜஸ்டஸின் மனைவி ஆன்சி எஸ்டேட் ஆபீஸ் வேலை முடிந்து வந்தபோது, அவர் சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். விசாரணைக் குழுவுக்கு அவர் தரப்பு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

"நைட்ரஜன் அணு எப்போதும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டே பிணைப்பை உருவாக்கும்" என்று முதல் வரி எழுதினார். 'எப்போதும்' என்பதை அடித்துவிட்டு 'பெரும்பாலும்' என்று போட்டார். 'பெரும்பாலும்' என்று போட்டால் மிச்சம் இருக்கிற சமயங்களில் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். அதை அடித்துவிட்டு 'பொதுவாக' என்று போட்டார். அதுவும் அதேதான். புதுத் தாள் எடுத்தார். 'நைட்ரஜனுக்கு ஏழு எலக்ட்ரான்கள். உள்ளே இரண்டு, வெளிக்கூட்டில் ஐந்து. எட்டாக்கிக்கொள்ள இன்னும் மூன்று தேவை' என்று எழுதினார். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அடுத்த வரி எழுதும்போதுதான் சிக்கல். அந்த மூன்றை அது எப்படிச் சம்பாதிக்கிறது என்பது எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்தது. எதிரே இன்னொரு நைட்ரஜன் நின்றால் இரண்டும் ஆளுக்கு மூன்று போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும். மெக்னீசியம் நின்றால் அது கொடுக்கும், இது வாங்கும். ஆக்சிஜன் நின்றால் இதன் பாடு திண்டாட்டம். அதாவது கனிஷ்கா பொடி எழுத்தில் எழுதியது.

ஆன்சி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கேள்வி தப்பா?"

"தப்பு இல்ல. போதாது."

"போதாதுன்னா?"

"தெளிவு போதாது."

"எங்க ஆபீஸ்ல ஃபேக்டரி லோடுக்கு எடை போதாதுன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஆன்சி துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் குத்திக்காட்டிப் பேசுகிறவள் அல்ல. அதனால்தான் அது ஜஸ்டஸுக்குக் குத்தியது. அன்று அவர் எழுதி முடித்த விளக்கம் ஒன்றே கால் பக்கம் வந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. விளக்கமும் இல்லை.

விசாரணை ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, ஊட்டியில் ஒரு பள்ளியில் வைத்தார்கள். கூட்ட அரங்கின் கூரை ஒழுகியதால் வேதியியல் ஆய்வகத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். காலையில் நல்ல உறைபனி. பத்தரை மணிக்கும் புல்லெல்லாம் உப்புப் பூத்தது போல வெளுத்துக் கிடந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் டெனின், ஒரு பள்ளியின் தாளாளர், படித்தது வணிகவியல். இரண்டாவது தபித்தாள் டீச்சர், இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், காதுவரை குல்லாய் போட்டிருந்தார். மூன்றாவது பிரசாத், ஊட்டிப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர், முப்பத்தைந்து வயது, ஜஸ்டஸை 'சார்' என்று கூப்பிடுகிறவர். வேலாமணி தனியாக வந்திருந்தாள். கனிஷ்காவுக்கு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்தது. அதை நடத்த வேண்டியவர் ஜஸ்டஸ்தான் என்பதால் அங்கே பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

டெனின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் சயின்ஸ் ஆள் இல்ல. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்த நைட்ரஜன் என்ன செய்யுது?"

பிரசாத் ஜஸ்டஸைப் பார்த்தார். ஜஸ்டஸ் எழுந்து சொன்னார். வெளிக்கூட்டில் ஐந்து, தேவை மூன்று. இரண்டு நைட்ரஜன் அணு சேரும்போது ஆளுக்கு மூன்று எலக்ட்ரானை நடுவில் வைக்கும். நடுவில் இருக்கிற ஆறும் இரண்டு பேருக்கும் சொந்தம். அதனால் இரண்டுக்குமே எட்டு ஆகிவிடுகிறது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு இப்படித்தான் இருக்கிறது. மூன்று பிணைப்பு என்பதால் உடைப்பது கஷ்டம்.

"அப்போ பங்கிடுதுன்னுதான் ஆகுது" என்றார் டெனின்.

"காத்துல இருக்கறது பங்கு போடட்டுங்க, நான் வேண்டாங்கல" என்றாள் வேலாமணி. "காத்தை நான் மூட்டையில கட்டி விக்கிறதில்லீங்க. மண்ணுல போடறதைச் சொல்லுங்க."

"கேள்வியில மண்ணுன்னு இல்லையே அம்மா" என்றார் டெனின்.

"காத்துன்னும் இல்லீங்க."

டெனின் வினாத்தாளைப் பார்த்தார். இல்லை. அவர் அதை பிரசாத்திடம் தள்ளினார். பிரசாத் படித்துவிட்டு, பாடநூலில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னார். பங்கிடுவதைச் சொல்லும் சகப்பிணைப்புப் பாடத்தில் நைட்ரஜன் உதாரணமாக வருகிறது. கொடுத்து வாங்குவதைச் சொல்லும் அயனிப் பிணைப்புப் பாடத்தில் வரவில்லை. ஆகவே மாணவர்கள் 'பங்கிடும்' என்று எழுதுவார்கள் என எதிர்பார்ப்பது நியாயம். இதைச் சொல்லும்போது அவர் ஜஸ்டஸின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபித்தாள் டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாடநூல்ல வேற பாடத்துல, நைட்ரஜன் எலக்ட்ரானை வாங்கிக்கற நைட்ரைடு வருதா இல்லியா?"

"வருது டீச்சர்" என்றார் பிரசாத். "ஆனா அது பின்னாடி."

வாக்கெடுப்பு நடந்தது. பிரசாத் ஜஸ்டஸுக்கு ஆதரவு. டெனினும் ஆதரவு. மாற்றினால் பதினொரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் திருப்பி அடிக்க வேண்டும் என்று அவர் காரணம் சொன்னார். தபித்தாள் டீச்சர் எதிர்ப்பு. குறிப்பேட்டில் டெனின் தன் கையாலேயே எழுதினார்: 'நைட்ரஜன் எலக்ட்ரான்களைப் பங்கிடும் என இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானிக்கப்பட்டது.' எழுதிவிட்டு உரக்கப் படித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜஸ்டஸ் ஜெயித்துவிட்டார். கை குலுக்கலாமா வேண்டாமா என்று பிரசாத் யோசிப்பது தெரிந்தது.

வேலாமணி எழுந்தாள். கோபப்படவில்லை. "சரிங்க. பெரியவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கடையில போயி அப்படியே சொல்லிர்றனுங்க, நான் சொன்னது தப்புன்னு. ஆறுக்குட்டியண்ணன் மொத்தமா போட்டது சரின்னும் சொல்லிர்றேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "சார், ஜஸ்டஸ் சார். அவங்களை உடுங்க. எம் புள்ளைக்குப் பாடம் நடத்தறவரு நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பதினஞ்சு வருசமா நான் சொன்னது பொய்ங்களா?"

ஜஸ்டஸ் மேசையைப் பார்த்தார். 

"பிரசாத்" என்றார். "மெக்னீசியம் நாடா இருக்கா?"

"இருக்கு சார். எதுக்கு சார்?"

"மூடியோட சின்னப் பீங்கான் கிண்ணமும் எடுங்க. சிவப்பு லிட்மஸ்."

"கூட்டம் முடிஞ்சாச்சே" என்றார் டெனின்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு. இது வேற."

ஊட்டி ஈரத்தில் மெக்னீசியம் நாடா கருத்துப் போயிருந்தது. ஜஸ்டஸ் ஒரு துண்டு உப்புத்தாள் கேட்டு வாங்கி, வெள்ளி போல மின்னும்வரை தேய்த்தார். அதைச் சுருளாகச் சுற்றிக் கிண்ணத்துக்குள் வைத்து மூடினார். பர்னரைப் பற்ற வைத்தார். வேலாமணி பையைக் கழற்றாமல் வந்து நின்றாள். டெனினும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். அந்த அறையில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

"திறந்து வெச்சு எரிச்சா முக்காவாசி ஆக்சிஜனோடதான் சேரும்" என்றார் ஜஸ்டஸ். "மூடி வெச்சா உள்ள இருக்கற ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். மிச்சம் இருக்கறது நைட்ரஜன். அவ்வளவு சூட்டுல மெக்னீசியத்துக்கு வேற வழி இல்ல, நைட்ரஜன்கிட்டயே கொடுக்கும். ஒரு மெக்னீசியம் ரெண்டு எலக்ட்ரான் கொடுக்கும். ஒரு நைட்ரஜனுக்கு மூணு வேணும். மூணு மெக்னீசியம் சேர்ந்து ஆறு கொடுத்தா ரெண்டு நைட்ரஜனுக்கு சரியாப் போகும்."

அவ்வப்போது இடுக்கியால் மூடியை ஒரு மயிரிழை தூக்கி மூடினார். உள்ளே வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்து அடங்கியது. பத்து நிமிடம் அப்படியே போயிற்று.  ஆறவைத்துத் திறந்தபோது, அடியில் வெளுத்த சாம்பல், அங்கங்கே மஞ்சள் பாரித்திருந்தது.

"இதுல நாலு சொட்டுத் தண்ணி விடப் போறேன். நைட்ரைடு இருந்தா அம்மோனியா வரும், சிவப்பு லிட்மஸ் நீலமாகும்."

பிரசாத் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "சார், லிட்மஸ் சாம்பல்ல பட்டா அதுக்கே நீலமாயிடும். ஆக்சைடும் காரம்தான்."

"சரியான கேள்வி" என்றார் ஜஸ்டஸ். "தபித்தாள் டீச்சர், நீங்களே பிடிங்க. தொடாம."

தபித்தாள் டீச்சர் குல்லாயைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஈரப்படுத்திய லிட்மஸ் தாளை இடுக்கியால் கிண்ணத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பிடித்தார். எழுபத்தோரு வயதுக் கை. ஆடவில்லை. ஜஸ்டஸ் தண்ணீர் விட்டார். சன்னமாக ஒரு சீறல். அடியில் லேசாகச் சூடு காட்டினார்.

தாள் நிறம் மாறுவதற்கு முன்பே வேலாமணி மூக்கைச் சுளித்தாள். "இது நம்ம கடை வாசமுங்க. ஈரம் பட்ட யூரியா மூட்டையில வரும். கோழி எருவுலயும் வரும்."

தாளின் ஓரம் நீலமானது. பிறகு பாதி. டெனின் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது ஏற்றது" என்றார் ஜஸ்டஸ். "வாங்கிக்கிட்டது. மூணு எலக்ட்ரானை முழுசா வாங்கி வெச்சிருந்தது. அதனாலதான் தண்ணி பட்டதும் அம்மோனியா. அம்மோனியாவுல அது மூணு ஹைட்ரஜனோட பங்கு போடும்."

"எழக்கறதுங்க?" என்றாள் வேலாமணி.

ஜஸ்டஸ் பர்னரை அணைத்தார். இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. "அதை இங்க செஞ்சு காட்ட முடியாது. ஆனா சொல்றேன். தன்னந்தனியா நின்னு அஞ்சு எலக்ட்ரானையும் தூக்கிக் கொடுத்துட்டுப் போற நைட்ரஜன் நாம பார்க்கற உலகத்துல இல்ல. அப்படி எழுதினா நானே தப்புப் போடுவேன். ஆனா ஆக்சிஜனோட சேரும்போது, பங்கு போட்டாலும், ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கும். பேருக்குத்தான் பங்கு. அதனால கணக்குல அதை இழப்புன்னுதான் எழுதறோம். நீங்க சொல்ற மண்ணு விசயம் அதுதான். யூரியா மண்ணுல கரைஞ்சு அம்மோனியமா மாறும். அதுக்கு நேர்மின்சுமை இருக்கும். மண்ணு அதைப் பிடிச்சு வெச்சுக்கும். நுண்ணுயிருங்க வந்து ஒரு நைட்ரஜன்கிட்ட இருந்து எட்டு எலக்ட்ரானை எடுத்துக்கும். அதுங்களுக்கு அதுதான் பொழப்பு. எடுத்து முடிச்சா நைட்ரேட். அதை மண்ணு பிடிச்சு வைக்காது. மழை வந்தா போயிரும்."

"அப்ப உருவிக்குதுன்னு நான் சொன்னது?"

"சரி. எட்டுன்னு கணக்கும் சேர்த்துச் சொல்லலாம்."

 வேலாமணி பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அம்மோனியா காரணமாக இருக்கலாம்.

ஜஸ்டஸ் டெனின் பக்கம் திரும்பினார். "கேள்வி தப்பு சார். என் தப்பு. அந்த அம்மா ஸ்கூலுக்கு வந்த அன்னைக்கே தெரியும். மூணு வாரமா தெரியும். அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி. தீர்மானத்தை மாத்தணும். இருபத்திரண்டு வருசத்துல இதுதான் முதல் தப்பு, அதை ஒத்துக்க எனக்கு..." அவர் சரியான சொல்லைத் தேடினார்.

"முதல் தப்பு இல்ல ஜஸ்டஸ்" என்றார் தபித்தாள் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"பத்துப் பன்னெண்டு வருசம் முன்னாடி, ஒரு கணக்குல நாலு விடையும் தப்பா இருந்துச்சு. மோல் கணக்கு. எங்க ஸ்கூல் பிள்ளைங்க நாற்பது பேரும் ஆளுக்கு ஒண்ணு எழுதிவெச்சாங்க. அதுக்கு அடுத்த வருசம் ஒரு சமன்பாடு சமன் ஆகல. நான் பிசிக்ஸ், எனக்கெதுக்குன்னு விட்டுட்டேன். வேற யாரும் கேட்கல."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஜஸ்டஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிரசாத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளையாக அது குடிக்கிற தண்ணீர்.

"சார், எனக்கும் ஒண்ணு தெரியும்" என்றார் பிரசாத், தயங்கித் தயங்கி. "நாலு வருசம் முன்னாடி."

"அப்புறம் சொல்லுங்க" என்றார் ஜஸ்டஸ்.

டெனின் குறிப்பேட்டைத் திறந்து, முந்தைய தீர்மானத்தை ஒரே கோட்டால் அடித்து, கீழே எழுதினார்: 'நைட்ரஜன் எலக்ட்ரான்களை ஏற்கும், பங்கிடும், கணக்கின்படி இழக்கவும் செய்யும் என மூன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் தீர்மானிக்கப்பட்டது.' இதையும் உரக்கப் படித்தார். இந்தத் தடவை பிரசாத்துக்குக் கையெழுத்துப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஒன்பதாம் கேள்விக்கு எந்த விடை எழுதியிருந்தாலும் ஒரு மதிப்பெண் என்று பதினொரு பள்ளிக்கும் சுற்றறிக்கை போயிற்று. 'ஈ' எழுதிய பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கனிஷ்காவுக்கு எழுபதுக்கு எழுபது. ஜஸ்டஸ் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், நான் போட்ட சுழியம் தப்பு என்று சொன்னார். அவள் எழுந்து நின்று, "சார், 'இழக்கும்'னு வெறுமனே எழுதினது என் பக்கமும் முழுசா சரியில்ல. ஆக்சிஜனேற்ற எண் படின்னு எழுதியிருக்கணும்" என்றாள்.

"ஆமா. எழுதியிருக்கணும்" என்றார் ஜஸ்டஸ்.

"அப்போ அரை மார்க் குறைச்சுடலாமா சார்?"

"அதுக்கும் பன்னெண்டு கட்டம் நிரப்பணும். உட்காரு" என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். டிசம்பருக்கு அப்புறம் அவள் வகுப்பில் வாய் திறந்தது அன்றுதான் என்பது ஜஸ்டஸுக்குச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது உறைத்தது.

அடுத்த வருட வினாத்தாளை பிரசாத்திடம் கொடுத்தார்கள். யாரும் ஜஸ்டஸிடம் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்று நாள் அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. நாலாம் நாள் பிரசாத் போன் செய்து, தயாரானதும் நீங்கள் ஒரு தடவை பார்த்துக் கொடுக்க முடியுமா சார் என்று கேட்டார். பார்க்கிறேன், ஆனால் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன் என்றார் ஜஸ்டஸ். அதற்குத்தான் சார் கேட்கிறேன் என்றார் பிரசாத்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஜஸ்டஸ் கேத்திக்கு பஸ் ஏறினார். வேலாமணி கூப்பிட்டிருந்தாள். கடை வாசலில் யூரியா மூட்டைகளை இழுத்துப் போட்டு இருபது பேர்போல உட்கார்ந்திருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க கேரட்டும் முட்டைக்கோசும். ஆறுக்குட்டி முன்வரிசையில் இருந்தார். ஒல்லியான மனிதர், மப்ளரைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். ஒரே நாளில் போட்ட உரம் என்ன ஆயிற்று என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஜஸ்டஸ் ஏழு நிமிடம் பேசினார். அம்மோனியம், நைட்ரேட், எட்டு எலக்ட்ரான், மழை. பள்ளிக்கூடம் அச்சடித்துக் கொடுத்த விடை தப்பு, அதை எழுதியவன் நான்தான் என்றும் சொன்னார். இருபது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறுக்குட்டி மப்ளரைக் கழற்றி மறுபடி கட்டினார்.

"அப்ப தப்பு என்ற மேல இல்லீங்க" என்றார்.

"பாதி உங்க மேல" என்றாள் வேலாமணி. "வானத்தைப் பார்த்துட்டுப் போட்டிருக்கோணும்."

"பங்கு போட்டுக்கறோமுங்க" என்றார் ஆறுக்குட்டி. கடை வாசலே சிரித்தது. ஜஸ்டஸும் சிரித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கையைத் தூக்கினார். "ஏனுங்க வாத்தியாரே, கேரட்டுக்குக் களை எடுத்தப்பறம் யூரியா போடலாமுங்களா, இல்ல எடுக்கறதுக்கு முந்தியேவா? பனி விழுகிற மாசத்துல?"

ஜஸ்டஸ் யோசித்துப் பார்த்தார். யோசிக்க ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"களை எடுத்து மண்ணை அணைச்சப்பறம் போடுங்க, பனி அடிக்கற வாரம் வேண்டாம்" என்று வேலாமணி சொல்ல ஆரம்பித்தாள். கிழவர் அவள் பக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. ஜஸ்டஸ் காலியாக இருந்த ஒரு மூட்டையில் உட்கார்ந்து, அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.